பினாங்கில் என் கூஜா இரண்டு முறை விழுந்தது

என் கூஜாவை முதலில் அவமதித்தவர், பினாங்கில் இறங்கியதும் என் பெட்டியைச் சோதித்த சுங்க அதிகாரி. மூடியைத் திருகித் திறந்து மோந்து பார்த்தார். "தண்ணீர்" என்றேன். நம்பவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இரண்டு அரசாங்க உத்தியோகஸ்தர்கள் மூக்கை விட்டு ஆராய்ச்சி செய்தார்கள். பிறகு எனக்கு அதைக் குடிக்க மனம் வருமா? அங்கேயே ஒரு தொட்டியில் கொட்டினேன். அதற்கும் ஒருவர் முறைத்தார்.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மூத்த மகளுக்குக் கல்யாணம். என் கணவரின் தம்பி சுந்தரம் பினாங்கில் இருக்கிறார். பதினேழு வயதில், பாளையங்கோட்டை மைதானத்தில் கூடாரம் போட்ட ஒரு சர்க்கஸோடு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவர். அந்தக் கம்பெனி ஊர் ஊராகச் சுற்றி, கடல் தாண்டி, பினாங்கில் கலைந்துபோனது. யானைகளை விற்றார்கள். சுந்தரத்தை வாங்க ஆளில்லாததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஊர்ப் பெண் லெட்சுமியைக் கட்டிக்கொண்டு, ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிரிந்து போனவரை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. தபாலில் அனுப்பினால் கல்யாணத்துக்கு வராதே என்று சொன்ன மாதிரி. என் கணவருக்கு விமானம் என்றால் பயம். பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், மூட்டுவலி என்பார். ஆகவே கோடை விடுமுறையில் நான் கிளம்பினேன். நான் கணக்கு டீச்சர். இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

சூலியா தெருவில் ஒரு விடுதியில் இறங்கினேன். அங்கே போகப் பிடித்த வண்டியைப் பெச்சா என்கிறார்கள். மூன்று சக்கர ரிக்‌ஷாதான். ஆனால் நம் ஊரில் ஓட்டுபவர் முன்னே, சவாரி பின்னே. இங்கே சவாரியை முன்னால் உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் இருந்து மிதிக்கிறார். எதிரே லாரி வந்தால் முதலில் மோதுவது காசு கொடுத்தவர். இது எந்த ஊர் நியாயம்? ஒவ்வொரு முக்கிலும் கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முருகா முருகா என்றேன். பின்னால் இருந்த சீனப் பெரியவர் நிம்மதியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் ஒரு கடையில் சைவமாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். மீ கோரெங் இருக்கிறது, அசல் சைவம் என்று ஒரு தட்டு நூடுல்ஸை வைத்தார்கள். இரண்டு வாய் உள்ளே போன பிறகு முட்கரண்டியில் வால் ஒன்று மாட்டியது. "என்னய்யா இது?" என்றேன்.

"எறால்தான் அக்கா. கோழி போடலலா. சைவம்னு கேட்டீங்கன்னு கோழியை எடுத்தாச்சு" என்றார் கடைக்காரர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' சேர்த்து, எனக்குப் பெரிய உபகாரம் செய்தவர் போல. அன்று ராத்திரி முழுப் பட்டினி. மறுநாள் காலையில் லெட்சுமி சுடச்சுட தோசை வார்த்துப் போடும்வரை எனக்கு அந்த ஊர் மேல் கோபம் தீரவே இல்லை.

அவர்கள் குடியிருந்தது ஓர் அடுக்கு மாடியின் ஏழாவது தளத்தில். ஒரே அறை. கதவைத் திறந்ததும் லெட்சுமி, "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான ஒற்றைச் சக்கர சைக்கிள். அதைச் சுற்றி மூங்கில் கழிகள், வளையங்கள், தட்டுகள். மனிதர்கள் மிச்ச இடத்தில் வாழ்ந்தார்கள்.

வெற்றிலை பாக்கை வைத்து அழைத்தேன். சுந்தரம் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வந்துடறேன் மதினி" என்றார். அவ்வளவுதான் என் காரியம். ஆனால் அவர் என்னை விடவில்லை. நாளைக்கு மறுநாள் சாயங்காலம் ஊரின் நடுவில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் ஒரு போட்டி, இருந்து பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

போட்டி விசித்திரமானது. சர்க்கஸ் வித்தைக்காரர்கள் அவரவர் சாமான்களோடு மேடைக்கு வரலாம். ஆனால் கூட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் கையிலிருக்கும் பொருள்களை ஒரு கூடையில் போடுவார்கள். அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அந்த நிமிஷமே, ஒத்திகை எதுவும் இல்லாமல், அதை வைத்து வித்தை காட்ட வேண்டும். மூன்று நடுவர்கள். ஜெயிப்பவருக்கு அந்த மேடை ஒரு வருஷத்துக்குச் சனி ஞாயிறு சொந்தம்.

"இதுல கெலிச்சா ஆடட்டும்க்கா, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் லெட்சுமி. "கெலிக்கலன்னா அந்தச் சக்கரம் வீட்டை விட்டுப் போயிரணும். போன வருசம் அதுலேர்ந்து விழுந்து ஒரு மாசம் படுக்கை. நான் பேக்டரில நின்னுட்டு வந்து இவர் இடுப்புக்குத் தைலம் தேய்க்கணும். எத்தனை நாளைக்குலா? பேசியாச்சு. சத்தியம் பண்ணிட்டாரு."

சுந்தரம் தலையை ஆட்டினார். கல்யாணத்துக்கு அழைத்தபோது இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

லெட்சுமி தேநீர் போடும்போது அவர் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். காலி டம்ளர் ஒன்றைப் பாதத்தின் மேல் வைத்து ஒரு சுண்டு. டம்ளர் எழும்பித் தலையில் வந்து உட்கார்ந்தது. எடுத்தார், வைத்தார், சுண்டினார். அண்ணன் சௌக்கியமா, வீட்டு வேப்பமரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே சுண்டினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"ஏன் தம்பி, சர்க்கஸ்ல பார்த்தா இதை ரெண்டு தரம் கீழ போட்டுட்டுத்தானே பிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. "அது போடுறது மதினி. விழுறது இல்ல" என்றார். "மொதத் தரமே வந்து தலையில உக்காந்துட்டா, பாக்கிறவன் இவ்ளோதானான்னுடுவான். ரெண்டு தரம் விடணும். அப்பதான் மூணாவது தரம் அவனும் நம்மகூடச் சேர்ந்து தூக்குவான்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு சர்க்கஸில் கயிற்றின் மேல் நடந்த பெண் இரண்டு தரம் வழுக்கினாள். நான் அழுது, இவள் விழாமல் போய்ச் சேர்ந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். சேர்ந்துவிட்டாள். பலகாரம் வாங்க வைத்திருந்த காசில் தேங்காய் வாங்கி உடைத்தேன். அவளைக் காப்பாற்றியது நான்தான் என்று பல வருஷம் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. "அப்ப அந்தத் தேங்காய்?" என்று சுந்தரத்திடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"இதுக்குத்தான் மதினி சொல்றது. வேற யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம். அன்னிக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து பாத்தவங்க காதுல மட்டும் விழக் கூடாது. எங்க வாத்தியார் முதல் நாளே சொல்லிக் குடுத்தது. இப்பப் பாருங்க, உங்க தேங்காய் போச்சு" என்றார்.

அடுத்த நாளை ஒரு பேருந்து விழுங்கிவிட்டது. காற்று வந்ததில் கண் அசந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மலையேறி இறங்கி, தீவின் மறுகோடியில் பாலிக் புலாவ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிலும் டுரியான் தோப்பு. அங்கே ஒரு மலாய்க்கார அம்மாள், நான் வழி தவறியதற்காக இரக்கப்பட்டு ஒரு டுரியான் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். அதன் நாற்றத்துக்காக, திரும்பும் பேருந்தில் அதோடு ஏறக் கூடாது என்றார்கள். நம் ஊரில் ஆட்டுக்குட்டியையே ஏற்றுகிறார்களே என்று வாதாடிப் பார்த்தேன். கடைசியில் அதை நடத்துநருக்கே கொடுத்தேன். மனிதர் சாலையோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓட்டுநரும் பயணிகளுமாகப் பிளந்து தின்றுவிட்டுத்தான் புறப்பட்டார்கள். விதி பழத்துக்கா எனக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போட்டி நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் பூங்காவில் விளக்குகள் போட்டார்கள். மேடைக்கு முன்னால் மர நாற்காலிகள். எனக்கு ஒரு பக்கம் லெட்சுமி. மறுபக்கம் பூப்போட்ட சட்டை போட்ட ஒரு வயதான சீன அம்மாள், பொட்டலம் நிறைய வேர்க்கடலையோடு. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கடலையை உடைத்துத் தோலை என் செருப்பின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் காலை நகர்த்தினேன். தோலும் நகர்ந்தது.

கூடை வந்தது. அந்த அம்மாள் ஒரு விசிறியைப் போட்டாள். என்னிடம் நீட்டினார்கள். என்னிடம் இருந்தது கூஜா ஒன்றுதான். முடியாது என்றேன். "பத்திரமாத் திரும்பி வந்துரும்க்கா" என்று லெட்சுமி பிடுங்கிப் போட்டுவிட்டாள். காலையில் அவள் வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் அதில் பாதி இருந்தது.

நடுவர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் ஏதோ பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். மூன்றாவது, அழகுப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கிய பெண். இவர்களுக்கும் சர்க்கஸுக்கும் என்ன சம்பந்தம்? மதிப்பெண் முறையைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு பொருள் கீழே விழுந்தால் அதற்கு ஒவ்வொரு தடவையும் மதிப்பெண் குறைக்கப்படும். அவ்வளவுதான் அவர்கள் கண்ட கணக்கு. விடைத்தாளில் அடித்தல் திருத்தலை எண்ணிவிட்டு விடையைப் படிக்காமல் மார்க் போடும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை மேடை போட்டு உட்கார வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் சுற்றில் பம்பரம் சுற்றும் மலாய் இளைஞன் ஒருவனும், சூலியா தெருவில் மலிவு விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனும் தோற்றுப்போனார்கள். மிஞ்சியது ஆ செங் என்ற சீனரும் சுந்தரமும். ஆ செங் பரம்பரைக் கழைக்கூத்தாடி, சுந்தரம் வயதுதான் இருக்கும். அவருக்குக் கூடையிலிருந்து வந்தது மீன் சந்தையில் போடும் கட்டைச் செருப்பு ஒன்று. அதை மூக்கு நுனியில் நிறுத்தி, அதன் மேல் ஒரு தட்டைச் சுழலவிட்டு, அப்படியே மண்டியிட்டு எழுந்தார். அருமையான வித்தை. ஒன்றுகூட விழவில்லை. ஜனம் கைதட்டியது. என் பக்கத்து அம்மாள் கடலை உடைப்பதை நிறுத்தாமலே ஒரு கையால் தொடையைத் தட்டினாள்.

அறிவிப்பாளர் சுந்தரத்துக்காகக் கூடையில் கையை விட்டார். வெளியே வந்தது என் கூஜா. கூட்டம் சிரித்தது. சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

சுந்தரம் கூஜாவை ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் சலசலத்தது. கொட்டச் சொன்னார்கள். தலையசைத்து மறுத்துவிட்டு, மூடியை மட்டும் இறுக்கினார். அந்த ஒற்றைச் சக்கரத்தில் ஏறினார். ஒரு காலால் முன்னும் பின்னுமாக மிதித்துக்கொண்டே, மறு பாதத்தின் மேல் கூஜாவை வைத்தார். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். சுண்டினார்.

கூஜா அவர் காதை உரசிக்கொண்டு போய் மேடையில் ணங்கென்று விழுந்தது. அந்த அம்மாள் கையிலிருந்த கடலை பாதியில் நின்றது. எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி வைத்தார், சுண்டினார். தலையில் பட்டு, ஒரு நொடி நின்று, மறுபடி ணங். இந்தத் தடவை அவரும் சாய்ந்தார். சக்கரம் விளிம்புவரை போய்த் திரும்பியது. "ஐயோ" என்று லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். நாற்காலிகளில் ஒருவர்கூடச் சாய்ந்திருக்கவில்லை. எல்லாரும் நுனிக்கு வந்துவிட்டார்கள். எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் எனக்கு மூச்சு வரவில்லை.

மூன்றாவது தடவை கூஜா எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அவர் உச்சந்தலையில் பூ மாதிரி உட்கார்ந்தது. அப்படியே மேடையை ஒரு வலம் வந்தார். அந்தக் கூச்சலை நான் எங்கும் கேட்டதில்லை. அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

நடுவர்கள் பலகைகளைத் தூக்கினார்கள். இரண்டு தடவை விழுந்ததற்குக் கழித்தது போக, ஆ செங் ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நேரே நடுவர் மேசைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கொட்டினேன். "அது விழவில்லை, அவரே போட்டது. உங்கள் யாருக்கும் இது புரியவில்லையா?" என்றேன். உடற்பயிற்சி ஆசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவரை என்ன செய்திருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன். வழக்கறிஞர் மட்டும் கேட்டுக்கொண்டார். "வேண்டுமென்றே போட்டது வித்தையில் சேர்ந்தது என்றால், கழித்ததைத் திருப்பிப் போடலாம். ஆனால் அவரே சொல்ல வேண்டும்" என்றார். நியாயம்தானே? கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருப்பிப் போட்டால் சுந்தரத்துக்குத்தான் மேடை.

அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைச் சுந்தரத்தின் வாயருகே நீட்டி, மலாயில் கேள்வியைக் கேட்டார். பின்னாலேயே ஓடி வந்திருந்த லெட்சுமி எனக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சுந்தரம் என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். முன் வரிசையில் அந்த அம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இல்ல சார்" என்றார். "கால் தவறிடுச்சு."

"பொய்!" என்று தமிழில் கத்தினேன். நல்லவேளையோ கெட்டவேளையோ, அதற்குள் ஆ செங்குக்கு மாலை போட பேண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை தம்பி. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்களே மதினி."

"சரி, விதி தெரியுமில்ல? தெரிஞ்சும் எதுக்குப் போட்டீங்க?"

"தெரியும். ஒழுங்காப் பண்ணணும்னுதான் ஏறினேன். ஏறிப் பாத்தா ஜனம் சாஞ்சு உக்காந்து கடலை தின்னுக்கிட்டு இருந்துச்சு. கால் கேக்கல" என்றார். கூஜாவைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினார். அடியில் ஒன்று, தோளில் ஒன்றாக இரண்டு நசுங்கல். தட்டி எடுத்துத் தருகிறேன் என்றார். தொடக் கூடாது என்றேன்.

மாலையோடு ஆ செங் வந்தார். சுந்தரத்தின் தோளில் கைவைத்து மலாயில் மெதுவாக என்னவோ சொன்னார். லெட்சுமி என் காதில் சொன்னாள்: "எனக்கும்தான் ரெண்டு தரம் கீழ விடத் தோணுச்சு, இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன், நீ ஏன் விட்டேன்னு கேக்கிறாருக்கா."

அப்படியென்றால் அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கிறது! மேடையில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? இவரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து இம்போசிஷன் எழுதவைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலை நான் விடைபெறப் போனபோது சுவரோரம் காலியாக இருந்தது. சக்கரம் நின்ற இடத்தில் சுவரில் ஒரு கறுப்புக் கோடு. சுந்தரமே அதைத் தோளில் தூக்கி ஏழு மாடி இறங்கி, ஆ செங் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து வேலைக்குப் போய்விட்டாராம். லெட்சுமியின் கண்கள் வீங்கியிருந்தன. "நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. இருந்துட்டுப் போகட்டும்னேன். சத்தியம் சத்தியம்தான்னுட்டாரு" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம், அவர் மேலும் கோபம், அந்த வழக்கறிஞர் மேலும் கோபம். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், தோசை கருகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

திரும்பும் விமானம் கோலாலம்பூரில். அங்கே போகும் ரயில் அக்கரையில், பட்டர்வொர்த்தில். அதற்குப் பெரிய படகில் கடலைக் கடக்க வேண்டும். லெட்சுமி கூட வந்தாள். படகு நகர்ந்ததும் யாரோ என் தோளைத் தட்டினார்கள். பூப்போட்ட சட்டை. அதே அம்மாள், கையில் ஒரு கோழிக்கூண்டோடு.

என்னைப் பார்த்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் ஒரு காலைத் தூக்கிச் சுண்டினாள். தலையில் கைவைத்து நடந்து காட்டினாள். பிறகு என் கூஜாவைக் கேட்டு வாங்கி, இரண்டு நசுங்கலையும் விரலால் தடவினாள். தடவிக்கொண்டே மலாயில் படபடவென்று பேசினாள்.

"என்ன சொல்றா?" என்றேன்.

லெட்சுமி தயங்கினாள். "ரெண்டு தரம் விழுந்ததும் இவங்க கண்ணை மூடி சாமிகிட்ட வேண்டிக்கிட்டாங்களாம். அதனாலதான் மூணாவது தரம் நின்னுச்சாம். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களாம், யாரும் நம்பலையாம். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, நீங்களே சொல்லுங்கன்னு கேக்கிறாங்க."

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். லெட்சுமியும் பார்த்தாள், நான் என்ன சொல்லித் தொலைக்கப்போகிறேனோ என்று. முந்தின நாளிலிருந்து தொண்டையில் நின்ற அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வருஷத்து மேடை போயிற்று, சக்கரம் போயிற்று. இந்த ஒரு பொம்பளையின் கடலை நின்றதற்காக.

கூஜாவை வாங்கிக்கொண்டேன்.

"ஆமான்னு சொல்லு" என்றேன் லெட்சுமியிடம். "நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அவங்க வேண்டிக்கிட்டதாலதான் நின்னுச்சுன்னு சொல்லு."